‘தவறவிட்டேன்’: நந்தனத்தின் குற்ற விகிதமும் ஒரு ரசீதின் வினைச்சொல்லும்

நந்தனம் பாதுகாப்பான குடியிருப்புப் பகுதி என்ற முடிவை இக்கட்டுரை மறுக்கவில்லை. இருபது ஆண்டுக்கு மேலாக அங்கே குடியிருப்பவன் நான். இரவு பத்தரை மணிக்கு மெட்ரோவிலிருந்து மேலேறி வீடுவரை நடந்து போவதில் எனக்கு அச்சமில்லை. அந்த முடிவுக்கு வந்து சேர்ந்த வழியில்தான் எனக்கு உடன்பாடில்லை. காவல் நிலையவாரியாக முதல் தகவல் அறிக்கைகளை எண்ணி, மக்கள்தொகையால் வகுத்து, லட்சம் பேருக்கு இத்தனை என்று சென்னையின் பகுதிகளை வரிசைப்படுத்தும் ஆய்வுமுறை ஒன்று நம்மிடையே நிலைபெற்றுவிட்டது. விகிதம் குறைவென்றால் குற்றம் குறைவு. குற்றம் குறைவென்றால் பாதுகாப்பு அதிகம். இந்த இரண்டு தாவல்களில் முதலாவதை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்கிறேன். அதையும் ஒரே ஒரு ஆவணவகையை வைத்துப் பார்க்கிறேன்: காவல் நிலையத்தில் புகார்தாரர் கையில் தரப்படும் சி.எஸ்.ஆர். ரசீது.

பின்னத்தின் கீழெண்ணைப் பள்ளிக்கூடத்தில் ‘பகுதி’ என்றே படித்தோம். நந்தனத்தின் சிக்கல் அந்தப் பகுதியிலேயே தொடங்குகிறது. அதைச் சுருக்கமாக முடித்துவிட்டு மேலெண்ணுக்குப் போகலாம்.

நந்தனம் என்ற பெயரில் அஞ்சல் எண் உண்டு, 600035. மெட்ரோ நிலையம் உண்டு. சிக்னல் உண்டு, ஊருக்கே அடையாளம் அதுதான். ஆனால் அந்தப் பெயரில் காவல் நிலையம் கிடையாது. அதன் தெருக்கள் சுற்றியுள்ள நிலையங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டவை. காவல் எல்லையும் மாநகராட்சி வார்டு எல்லையும் சட்டமன்றத் தொகுதி எல்லையும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. கடைசி மக்கள்தொகைக் கணக்கு 2011இன் தொடக்கத்தில் எடுக்கப்பட்டது. அப்போது மாநகராட்சிக்கு 155 வார்டுகள். அதே ஆண்டின் பிற்பாதியில் எல்லை 426 சதுர கிலோமீட்டராக விரிந்து, வார்டுகள் இருநூறாகிப் பழைய கோடுகள் அழிந்தன. 2021இல் எடுக்க வேண்டிய கணக்கு எடுக்கப்படவில்லை. ஆக, இன்றைய நந்தனத்தில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பதற்கே உறுதியான எண் இல்லை. இருந்தாலும் அது எதற்குப் பயன்படும்? அரசு கலைக் கல்லூரியும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியும் இருக்கும் இடம் இது. 2018 மே 25 முதல் பூமிக்கடியிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். அண்மை ஆண்டுகளில் ஜனவரிதோறும் புத்தகக் கண்காட்சிக்கு ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் கூடும் கூட்டத்தை இக்கட்டுரையைப் படிப்போரில் பலர் அறிவார்கள். அதில் நின்றும் இருப்பார்கள். அங்கே ஒருவர் பர்ஸைப் பறிகொடுத்தால் அந்த ஒன்றை எதனால் வகுப்பது? லோட்டஸ் காலனியில் மதியத் தூக்கத்தில் இருப்பவர்களின் எண்ணிக்கையாலா?

குற்றவாளியும் பகுதிக்குக் கட்டுப்பட்டவனல்ல. 2025 மார்ச் 25 காலை தென்சென்னையில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் குறைந்தது ஆறு இடங்களில் பெண்களின் தங்கச் சங்கிலிகள் பறிக்கப்பட்டன. சைதாப்பேட்டை, பெசன்ட் நகர், கிண்டி என்று ஒரே பைக் ஓடிய ஓட்டம் அது. சந்தேகத்துக்குரியவர்கள் அன்றே விமான நிலையத்தில் பிடிபட்டார்கள். மறுநாள் விடியலில் ஒருவர் தரமணி அருகே காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அந்தக் காலை எந்தெந்த நிலையத்தின் கணக்கில் ஏறியது என்பதைப் பைக் திரும்பிய திருப்பங்கள் தீர்மானித்தன. சைதாப்பேட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருப்பதா அந்தப் பக்கம் இருப்பதா என்பதைக் குடியிருப்பின் குணமாக எழுதுவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவே படுகிறது.

இனி மேலெண்.

முதல் தகவல் அறிக்கையை நடந்த குற்றத்தின் எண்ணிக்கையாகக் கொள்ளக் கூடாது என்பது புதிய செய்தியல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே தன் ஆண்டறிக்கையில், பதிவு கூடுவதும் குற்றம் கூடுவதும் வெவ்வேறு என்று எச்சரித்து வருகிறது. கேரளம் ஆண்டுதோறும் விகிதப் பட்டியலில் மேலே நிற்பது அங்கே காவல் நிலையங்கள் பதிவு செய்வதால் என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறோம். 2020ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டால் போதும். பொது ஊழியரின் ஆணையை மீறியதற்கான 188ஆம் பிரிவு வழக்குகள் நாடு முழுவதும் 2019இல் 29,469, 2020இல் 6,12,179. ஊரடங்கின்போது நந்தனம் சிக்னலில் டீ குடிக்க வந்தவரும் அந்தப் பெருக்கத்தில் ஒரு துளி. அந்த ஆண்டின் அட்டவணையை அப்படியே வைத்துக்கொண்டு தமிழ்நாடு திடீரென்று குற்றப் பெருநிலம் ஆகிவிட்டது என்று யாரும் எழுதவில்லை. எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எண் ஏறியபோது காட்டிய இந்த விழிப்பை எண் இறங்கும்போது நம் ஆய்வுகள் காட்டுவதில்லை. என் குறை அதுதான்.

இதற்கு ஒரு காரணம் ஆவணங்கள் கிடைக்கும் விதத்தில் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு, பாலியல் குற்றம் போன்ற சில வகைகள் நீங்கலாக, முதல் தகவல் அறிக்கைகள் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற வேண்டும். ஆய்வாளருக்கு இது பெரிய கொடை. வீட்டில் உட்கார்ந்தே எண்ணலாம். சி.எஸ்.ஆர். அப்படியல்ல. எண்ணும் ஆண்டும் கையில் இருந்தால் புகாரின் நிலையைத் தமிழ்நாடு காவல்துறையின் தளத்தில் பார்க்கலாம். புகாரில் என்ன எழுதியிருக்கிறது என்பது மனுதாரருக்கும் நிலையத்துக்கும் மட்டுமே தெரியும். எண்ண முடிந்ததை எண்ணினோம். எண்ண முடியாததை இல்லை என்று வைத்துக்கொண்டோம்.

ரசீதும் அதன் வினையும்

சி.எஸ்.ஆர். என்பது சமூகப் பணிப் பதிவேடு. பெயரைப் பார்த்தால் இரத்ததான முகாம் போல இருக்கிறது. நடைமுறையில் காவல் நிலையத்துக்கு வரும் புகாரின் முதல் தங்குமிடம் அதுதான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் கைது செய்வதற்குரிய குற்றத்துக்கு 154ஆம் பிரிவும் மற்றவற்றுக்கு 155ஆம் பிரிவும் இருந்தன. இடையில் ஒரு திண்ணையை அந்தச் சட்டம் கட்டவில்லை. 2013 நவம்பர் 12 அன்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கைது செய்வதற்குரிய குற்றம் புகாரில் வெளிப்பட்டால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று சொல்லிவிட்டது. முன்விசாரணைக்குச் சில வகை வழக்குகளை மட்டுமே விட்டுவைத்தது. சட்டம் திண்ணை கட்டாவிட்டாலும் ஆட்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். “எஃப்.ஐ.ஆர். போட்டாங்களா?” என்று கேட்டால் “சி.எஸ்.ஆர். குடுத்திருக்காங்க” என்று பதில் வருவது சென்னையில் அன்றாடம்.

இந்த ரசீதை இதுவரை இரண்டு விதமாகப் படித்திருக்கிறார்கள். ஒன்று, அது குற்றத்தை அமுக்கும் கருவி: எண்ணிக்கை ஏறாமல் பார்த்துக்கொள்ளக் காவல்துறை கண்டுபிடித்த மூடி. மற்றொன்று, அது பொதுமக்கள் சேவை: வழக்கு, வாய்தா என்று அலையாமல் வீட்டுச் சண்டையும் வாடகைச் சண்டையும் தீர உதவும் ஏற்பாடு. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. இரண்டுமே ரசீதைப் படிக்காமல் ரசீதைப் பற்றிப் பேசுபவை.

நான் படித்த ரசீது என்னுடையதே. இரண்டு வரிகளில் நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். 2024இன் இறுதியில், நந்தனத்தில் அல்ல, நகரின் வேறொரு பகுதியில் பேருந்து நிறுத்தத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது பைக்கில் வந்த இருவர் கையிலிருந்த செல்போனைப் பறித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பகுதிக்குரிய நிலையத்துக்கு, அதன் பெயர் இங்கு வேண்டாம், நடந்தே போனேன். அங்கே ரைட்டர் இருந்தார். காவல் நிலையத்துக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும்: ஆய்வாளரும் உதவி ஆய்வாளரும் ரோந்திலும் பந்தோபஸ்திலும் இருப்பார்கள், நிலையத்தின் நினைவும் கையெழுத்தும் ரைட்டர்தான். பெயருக்கேற்ற வேலை.

வெள்ளைத்தாளில் நான் எழுதிய முதல் மனுவின் நடுவரி இது: “இருசக்கர வாகனத்தில் வந்த அடையாளம் தெரியாத இருவர் என் கையிலிருந்த செல்போனைப் பறித்துச் சென்றுவிட்டனர்.” ரைட்டர் அதைப் பொறுமையாகப் படித்தார். கடுமையாக ஒரு சொல் பேசவில்லை. “சார், பறிச்சிட்டாங்கன்னு எழுதினா எஃப்.ஐ.ஆர். போடணும். அடையாள அணிவகுப்பு, கோர்ட்டுன்னு நீங்கதான் வரணும். உங்களுக்கு இப்ப சிம் தானே வேணும்? தவறவிட்டுட்டேன்னு எழுதிக் குடுங்க, பத்து நிமிஷத்துல சி.எஸ்.ஆர். தர்றேன்.” எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் மனுவின் நடுவரி: “வரும் வழியில் என் செல்போனைத் தவறவிட்டுவிட்டேன். கண்டுபிடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.” வரிசை எண், ஆண்டு, மனுதாரர் பெயர், மனுவின் சுருக்கம், தேதி, கையொப்பம், நிலைய முத்திரை. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இரு வரிகளையும் இலக்கணக் கண்ணோடு பார்க்க வேண்டும். முதல் வரியில் வினைமுதல் ‘இருவர்’. செயப்படுபொருள் செல்போன். வினை ‘பறித்தல்’. இரண்டாம் வரியில் வினைமுதல் ‘நான்’. செயப்படுபொருள் அதேதான். வினை ‘தவறவிடுதல்’. பைக்கும் இருவரும் வாக்கியத்திலிருந்து இறங்கிப் போய்விட்டார்கள். குற்றம் என்று ஏதாவது எஞ்சியிருந்தால் அது என் கவனக்குறைவு.

இங்கே ஓர் எதிர்வாதம் உண்டு; அதை நான் மதிக்கிறேன். இழந்தவரையே எழுவாயாக்குவது தமிழின் பழைய வழக்கம். நகையைப் ‘பறிகொடுத்தேன்’ என்கிறோம். வீட்டில் ‘திருட்டுக் கொடுத்தேன்’ என்கிறோம். கொடுக்காத ஒன்றைக் கொடுத்ததாகச் சொல்லும் மொழி நம்முடையது. செய்தித்தாள்களில் நாள்தோறும் யாராவது ஐந்து சவரன் பறிகொடுக்கிறார்கள். ஆகவே ‘தவறவிட்டேன்’ என்பதும் அந்த வழக்கின் நீட்சிதானே, அதில் காவல் நிலையத்தின் கையைத் தேடுவது மிகைவாசிப்பு அல்லவா? இல்லை என்பது என் துணிபு. ‘பறிகொடுத்தேன்’ எழுவாயை மாற்றுகிறது, ஆனால் பறிப்பைத் தன்னுள் வைத்திருக்கிறது. எதிரில் ஒரு கை நீண்டதை அந்தச் சொல் மறப்பதில்லை. ‘திருட்டுக் கொடுத்தேன்’ என்பதும் அப்படியே. ‘தவறவிட்டேன்’ எதிர்க்கையை அழிக்கிறது. ‘காணவில்லை’ அதற்கு ஒரு படி முன்னால்: அங்கே யாருமே இல்லை, பொருளும் இல்லை. மனுவில் எழுதப்படும் சொற்களை இப்படி ஓர் ஏணியாக அடுக்கலாம்: பறித்தனர், பறிகொடுத்தேன், திருடுபோனது, காணவில்லை, தவறவிட்டேன். ஒவ்வொரு படியிலும் சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது.

ஒற்றை ரசீதை வைத்துக்கொண்டு இவ்வளவு கட்டலாமா என்று கேட்கலாம். வாய்பாட்டு நடையில் எழுதப்பட்ட ஒற்றைக் கல்வெட்டில் ஒரு வினை வழக்கம் மாறியிருந்தால் அதன்மேல் எத்தனை பக்கம் எழுதுகிறோம்? இந்த ரசீதும் வாய்பாட்டு நடைதான். மேலும், ரைட்டர் என்னிடம் சொன்னது அவருடைய கண்டுபிடிப்பல்ல. செல்போன் பறிபோன யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஐ.டி.எஃப்.சி. இன்ஸ்டிட்யூட் 2017இல் வெளியிட்ட கணக்கெடுப்பு தில்லி, மும்பை, பெங்களூரு, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைக் கேட்டது; திருட்டுக்கு உள்ளானவர்களில் முதல் தகவல் அறிக்கை வரை போனவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. அந்தக் கணக்கெடுப்பு வினைச்சொல்லைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் வேலை எளிதாகியிருக்கும்.

யார் ஒப்புக்கொண்டது?

அமுக்கும் கருவி என்ற வாசிப்பிலிருந்து நான் விலகும் இடம் இதுதான். ரைட்டர் என்னை வற்புறுத்தவில்லை. நான் ஒப்புக்கொண்டேன், கொஞ்சம் நிம்மதியோடு. எனக்கு வேண்டியவை மூன்று: பழைய எண்ணில் புது சிம், வங்கிச் செயலிகளின் பாதுகாப்பு, திருடுபோன கருவியை முடக்குவது. 2023 மே மாதம் நாடு முழுவதற்கும் வந்த சி.இ.ஐ.ஆர். தளத்தில் கருவியை முடக்கப் போலீஸ் புகாரின் நகலும் எண்ணும் கேட்கிறார்கள். முதல் தகவல் அறிக்கைதான் வேண்டும் என்று நிற்பதில்லை. சி.எஸ்.ஆர். போதுமானது. செல்போன் திரும்பி வரும் என்று நான் நம்பவில்லை, வராவிட்டாலும் மாதச் செலவு தடுமாறாது. கோர்ட்டுக்கு ஒரு நாள் போவதைவிடப் புதுப் போன் மலிவு.

இந்தக் கணக்குதான் நந்தனத்தைப் போன்ற பகுதியின் விகிதத்தைத் தாழ்த்துகிறது என்று வாதிடுகிறேன். இழப்பைத் தாங்கக்கூடியவர்கள் அதிகம் வாழும் இடத்தில் ‘தவறவிட்டேன்’ என்ற சொல் எளிதாக எழுதப்படுகிறது. நந்தனத்து வீடுகளுக்கு வேலைக்கு வரும் பெண்ணிடமிருந்து அதே போனைப் பறித்தால் அவருக்கு அது மூன்று வீட்டு முதலாளியம்மாக்களின் எண், ஊரிலிருக்கும் பிள்ளையின் வீடியோ, தவணையில் பாக்கி. அவர் போனைத் திரும்பக் கேட்பார். நிலையத்துக்கு மறுபடி மறுபடி வருவார். அவருக்கும் முதல் தகவல் அறிக்கை கிடைத்துவிடுகிறது என்று நான் சொல்லவில்லை. ரசீதில் அவர் ஒப்புக்கொள்வது நிர்ப்பந்தத்தால், நான் ஒப்புக்கொள்வது வசதியால். இரண்டும் ஒரே பதிவேட்டில் ஒரே வினையோடு நிற்கின்றன. பாதுகாப்பான பகுதி என்பதால் பதிவு குறைகிறதா, பதிவு குறைவதால் பாதுகாப்பான பகுதியாகத் தெரிகிறதா என்று விகிதம் ஒருபோதும் சொல்லாது.

எல்லாக் குற்றமும் இப்படி ஏணியில் இறங்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கொலை இறங்காது. வாகனத் திருட்டு இறங்காது, ஏனென்றால் காப்பீட்டு நிறுவனம் முதல் தகவல் அறிக்கையையும், பிறகு கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றையும் கேட்கும். தங்கம் எளிதில் இறங்காது. ஐந்து சவரனை யாரும் தவறவிட்டதாக எழுதிக் கொடுக்க மாட்டார்கள், வீட்டில் விடவும் மாட்டார்கள். ஆகவே பகுதிகளை ஒப்பிட்டே தீர வேண்டும் என்பவர்கள் இருசக்கர வாகனத் திருட்டை மட்டும் வைத்து ஒப்பிட்டால் எனக்குப் பெரிய ஆட்சேபம் இராது.

மிக எளிதாக இறங்குவது பெண்கள் தெருவில் அனுபவிக்கும் தொல்லை. பின்தொடர்ந்து வந்தவன், பைக்கில் கை நீட்டியவன், பேருந்து நிறுத்தத்தில் ஆபாசமாகப் பேசியவன். நல்ல குடும்பத்தில் இதற்கு வழக்கமான தீர்வு “கூப்பிட்டுக் கண்டிச்சு அனுப்புங்க சார்” என்பதே. ரசீதும் ‘எச்சரித்து அனுப்பப்பட்டது’ என்று முடிந்துவிடும். 2024 டிசம்பரில் கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவருக்கு நேர்ந்த வன்கொடுமையில், அவர் துணிந்து புகார் கொடுத்த பிறகு, இணையத்தில் ஏறக் கூடாத முதல் தகவல் அறிக்கை அவருடைய அடையாளத்தோடு வெளியானது. சென்னை உயர் நீதிமன்றம் பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மூவர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்து, மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடும் வழங்கச் சொன்னது. குற்றவாளிக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. தீர்ப்பு விரைவாக வந்தது உண்மை. அடையாற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் குடியிருப்பில் பெற்றோர்கள் பேசிக்கொண்டது தீர்ப்பைப் பற்றியல்ல, அந்தக் காகிதம் வெளியானதைப் பற்றி. அப்பேச்சுக்குப் பிறகு எத்தனை புகார்கள் நிலையத்தின் வாசலுக்கே போகாமல் நின்றிருக்கும் என்பதை எந்தப் பதிவேடும் காட்டாது. சி.எஸ்.ஆர். கூடக் காட்டாது, என் ஆவணத்தின் எல்லையும் அதுவே.

கேமராவைப் பற்றி ஒரு சொல். ‘மூன்றாவது கண்’ திட்டத்தில் ஐம்பது மீட்டருக்கு ஒரு கேமரா என்று நகரம் முழுவதும் நட்டார்கள். 2020இல் சர்ஃப்ஷார்க் என்ற நிறுவனம் சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்கள் என்று சென்னையை உலகிலேயே முதலிடத்தில் வைத்தது. மறு ஆண்டே கம்பேரிடெக் என்ற இன்னொரு நிறுவனம் சதுர மைலுக்கு ஏறத்தாழ 610 என்று, தில்லிக்கும் லண்டனுக்கும் பின்னால், மூன்றாமிடத்துக்கு இறக்கியது. மைலுக்கும் கிலோமீட்டருக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்த்தால் ஓராண்டில் மூன்றில் இரண்டு பங்கு கேமராக்கள் ஆவியாகிவிட்டன. எண்ணும் விதத்தின் மகிமை. எனக்கு இங்கு முக்கியமானது வேறு. கேமராவில் பதிந்துவிட்ட பறிப்பை ‘தவறவிட்டேன்’ என்று எழுத முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன் காட்சியை எடுத்துக் கொடுப்பார், அது குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றும், மாலைக்குள் தொலைக்காட்சியிலும் வந்துவிடும். வினை கெட்டிப்பட்டுவிடுகிறது. அப்படியென்றால் கேமரா ஒருபுறம் குற்றத்தைக் குறைக்கலாம், மறுபுறம் பதிவை உயர்த்தலாம். எதிரெதிராக இழுக்கும் இவ்விரண்டையும் ஒரே எண்ணில் அளந்துவிட்டுக் கேமராவால் பயன் உண்டு அல்லது இல்லை என்று தீர்ப்பெழுதுவது அவசரம். காட்சியை எடுத்துக் கொடுக்க ஆள் இருக்கும் உள்தெருவின் பறிப்பு பறிப்பாகவே நிற்க, அப்படி ஆளில்லாத அண்ணா சாலை நிறுத்தத்தில் நடந்தது தவறவிட்டதாக மாறும் வாய்ப்பு அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தெருவில் பார்வை இருந்தால் பாதுகாப்பு என்று 1961இல் ஜேன் ஜேக்கப்ஸ் நியூயார்க்கைப் பார்த்து எழுதியதை இங்கே பொருத்திக் காட்டும்படி நண்பர்கள் கேட்டார்கள். பொருந்தும், எங்கள் தெருமுனையில் அந்தப் பார்வை இஸ்திரி வண்டிக்காரருடையது. யார் வீட்டுக்கு எந்நேரம் யார் வருகிறார் என்பது அவருக்குத் தெரியும். இப்போது ஒரு பக்கம் மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கான தடுப்புகள், மறுபக்கம் தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கான வேலை. போக்குவரத்து திருப்பிவிடப்பட்ட நாளில் வண்டி நின்ற இடம் போயிற்று. அவர் இப்போது எங்கே தேய்க்கிறார் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அது எந்தக் குற்ற அட்டவணையிலும் வராத மாற்றம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இக்கட்டுரையின் பொருள் காகிதம்.

திண்ணைக்குக் கூரை

154ஆம் பிரிவும் லலிதா குமாரி தீர்ப்பும் 2024 ஜூலை 1க்கு முந்திய சட்ட உலகத்தின் கதை என்று ஒருவர் ஒதுக்கிவிடலாம். அன்று புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. பழைய தண்டனைச் சட்டத்தில் ‘பறிப்பு’ என்று தனிக் குற்றமே இல்லை. சங்கிலி பறிப்பு சில இடங்களில் 379ஆவது பிரிவின்கீழ் வெறும் திருட்டு, சில இடங்களில் 356, சில இடங்களில் 392ஆவது பிரிவின்கீழ் கொள்ளை. மூன்றாண்டுத் தண்டனையா பத்தாண்டுத் தண்டனையா என்பது பெரும்பாலும் எழுதுபவர் கையில் இருந்தது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 304ஆவது பிரிவு பறிப்பைத் தனிக் குற்றமாக்கியது. இனி எண்ணிக்கை தெளிவாகும் என்று நம் துறையில் ஒரு மகிழ்ச்சி தெரிந்தது.

அந்த மகிழ்ச்சியில் என்னால் கலந்துகொள்ள முடியவில்லை. 304ஆவது பிரிவுக்கு மூன்றாண்டு வரை தண்டனை. மூன்றாண்டு அல்லது அதற்கு மேல், ஏழாண்டுக்குக் குறைவு என்ற வரம்பில் வரும் குற்றங்களுக்கு, துணைக் கண்காணிப்பாளர் நிலையில் உள்ள அதிகாரியின் அனுமதியோடு, சென்னையில் என்றால் உதவி ஆணையர், 14 நாள் முன்விசாரணை செய்யலாம் என்கிறது புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3). அதாவது, லலிதா குமாரி தீர்ப்பு இடிக்கப் பார்த்த திண்ணைக்குச் சட்டமே கூரை போட்டுக் கொடுத்திருக்கிறது. பறிப்பு அதன் கீழேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. தனிப் பெயர் கிடைத்த அன்றே காத்திருப்பு அறையும் கிடைத்துவிட்டது.

இன்னொன்று அதைவிடச் சிறியது, அதைவிடக் கவனிக்கப்படாதது. 303(2)ஆவது பிரிவில், திருடப்பட்ட பொருளின் மதிப்பு ஐயாயிரம் ரூபாய்க்குக் கீழ் என்றால், அந்தத் திருட்டு நீதிமன்ற உத்தரவின்றிக் கைது செய்வதற்குரிய குற்றமல்ல. எனவே முதல் தகவல் அறிக்கை இல்லை. நந்தனம் இருக்கட்டும், எந்தப் பகுதியின் விகிதமும் 2024க்குப் பின் இறங்கினால் அந்த இறக்கத்தில் இந்த ஒற்றை வரியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டாத ஆய்வை நான் நம்பத் தயாரில்லை. 2022 ஜனவரி 1 அன்று தாம்பரமும் ஆவடியும் தனி ஆணையரகங்களாகப் பிரிந்ததற்கு முன்னும் பின்னும் உள்ள சென்னை எண்களை ஒரே கோட்டில் வரைபவர்களிடம் இதை எதிர்பார்ப்பது அதிகமாகவும் இருக்கலாம்.

ஆக ஏணிக்கு மூன்று தளங்கள். பறிப்பு என்றால் பொருளின் மதிப்பு பொருட்டல்ல. திருட்டு என்றால் மதிப்புதான் எல்லாம். தவறவிட்டது என்றால் எதுவுமே பொருட்டல்ல.

சி.எஸ்.ஆர். பதிவேட்டில் சிறு தகராறுகளும் வாடகைப் பிரச்சினைகளும் நிறைந்து கிடக்கின்றன, அதிலிருந்து குற்றத்தைப் பிரிக்க முடியாது என்ற ஆட்சேபம் வழக்கமாக வரும். பிரிக்க முயன்றவர் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. நிலையம், மாதம், மனுச் சுருக்கத்தின் முதன்மை வினை என்ற மூன்றை மட்டும், பெயர்களை நீக்கிவிட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு வாங்கினாலே ‘செல்போன் தவறவிட்டேன்’ என்பது எந்த நிலையங்களில், எந்த மாதங்களில் குவிகிறது என்று பார்க்கலாம். மனிதர்கள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், கூட்டமாகக் கவனம் தவறுவதில்லை.

என் ரசீதுக்குத் திரும்புகிறேன். மனுவை வாங்குவதற்கு முன் ரைட்டர் இன்னொன்றும் கேட்டிருந்தார்; அப்போது அதை அனுதாபமாக எடுத்துக்கொண்டேன். “எப்ப வாங்கின போன் சார்? இப்ப வித்தா என்ன போகும்?” மூன்று வருஷத்துக்கு முன் பதினாலாயிரம் கொடுத்து வாங்கியது, இப்போது நாலாயிரம் போனால் அதிகம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வேறு வெள்ளைத்தாள் எடுத்துக் கொடுத்தார். ஐயாயிரம் என்ற கோடு இருப்பது வீட்டுக்கு வந்து சட்டத்தின் அட்டவணையைப் புரட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கு அப்போதே தெரிந்திருந்ததா, சும்மா கேட்டாரா என்பதை என்னால் நிறுவ முடியாது. ரசீதில் மதிப்பு எழுதப்படவில்லை.